ஏழு விளக்கு ராஜ்யத்தின் வழிகாட்டி

“அந்த ராஜ்யத்துல எனக்கு வழி சொல்ற ஆளு இன்னும் பொறக்கலலா. இனிமே பொறந்து, தவழ்ந்து, நடக்கக் கத்துக்கிட்டு வர்றதுக்குள்ள நான் இன்னொரு தடவ முடிச்சிட்டு ஒக்காந்திருப்பேன்.”

இப்படி ஏசுதாசன் அறிவித்தபோது அவருடைய முகத்தில் பாதி சோப்பு நுரையாக இருந்தது. இடம், பாடாங் செராயில் பிச்சையின் முடிதிருத்தும் கடை. காலம், 1984-ஆம் வருடத்து ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. கத்தி கழுத்தில் இருக்கும்போது மனிதன் பொய் சொல்ல மாட்டான் என்று நம்பிய ஆறு பேர் அதைக் கேட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது.

அடுத்த கடை அவருடையது. ‘அந்தோணியார் ரேடியோ டிவி’ என்று பலகை சொல்லும். காணாமல் போன பொருளை மீட்டுத் தரும் புனிதர் என்பதால் அந்தோணியாரின் படம் வாசலுக்கு நேரே மாட்டப்பட்டிருக்கிறது. போன வருடம் கொடுத்த ரேடியோவைத் தேடி வருகிறவர்கள், எந்த மதமாக இருந்தாலும், முதலில் படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஏசுதாசனிடம் பேச்சுக் கொடுக்கிறார்கள். அவர் “நாளைக்கு” என்பார். முப்பத்தெட்டு வயதுக்குள் அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன அளவுக்குப் பாதிரியார்கூட ஆமென் சொல்லியிருக்க மாட்டார்.

நாளைக்கு என்ற பதிலோடு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்விட்டால் பரவாயில்லை. சிலர் போக மாட்டார்கள். அவர்களுக்காகவே கடையின் மூலையில் ஒரு நாற்காலியும், நாற்காலிக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டரும் இருக்கின்றன. பினாங்கில் ஒரு சீனரிடமிருந்து வாங்கி வந்த பழைய சாமான். அதனுடன் ஒரு பிளாப்பித் தட்டும் வந்தது. தட்டைப் போட்டால் ‘ஏழு விளக்கு’ என்று ஓர் ஆட்டம் வரும். கட்டம் கட்டமாக ஒரு தேசம். அதில் ஊர்கள், ஆறுகள், மலைகள், காடுகள், மந்திரவாதிகள், ஓநாய்கள். நடுவில் தீக்குச்சி அளவுக்கு ஒரு மனிதன். அவன்தான் நீங்கள். எங்கே வேண்டுமானாலும் போகலாம். எங்கெங்கோ அணைந்து கிடக்கிற ஏழு விளக்குகளைத் தேடிப் பிடித்து ஏற்ற வேண்டும். எப்படி, எந்த வழியாக என்று சொல்லும் புத்தகம் ஒன்று இருந்திருக்கும். அது சீனரிடமே தங்கிவிட்டது.

அந்தக் குறையை ஏசுதாசன் தாமே நிவர்த்தி செய்தார். எட்டுத் தாள்களை ஒட்டி அந்த தேசத்துக்கு ஒரு வரைபடம் போட்டுச் சுவரில் தொங்கவிட்டார். அழிக்க வேண்டிய அவசியம் வராது என்பதால் பேனாவில். அக்கம்பக்கத்து ஊர்ப் பெயர்களையே எடுத்து, பெரிய சந்தை இருக்கும் ஊருக்கு சுங்கை பட்டாணி என்றும் துறைமுகத்துக்கு பட்டர்வொர்த் என்றும் பெயர் சூட்டினார். கிழக்கே ஒரு முழம் அகலத்துக்குப் பச்சை மை பூசி ‘சும்மா காடு’ என்று எழுதிவிட்டார்.

ஆட்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்லும் அழகு பார்க்க வேண்டியது. தலை ஏதாவதொரு டிவிப் பெட்டிக்குள் இருக்கும். கையில் ஈயம் பற்றவைக்கும் சூடான கம்பி. திரும்பிப் பார்ப்பதே கிடையாது. கம்ப்யூட்டர் எழுப்பும் ஓசையிலிருந்தே எல்லாம் அவருக்குத் தெரியும். ‘டப்’ என்றால் தேடிய இடத்தில் ஒன்றுமில்லை. ‘கிர்ர்’ என்றால் பசி. ‘டொய்ங்’ என்றால் மரணம்.

“செத்துட்டீங்களா? பாலத்துல பூதத்துக்கிட்ட பேசாம போயிருக்கீங்க. பேசுங்க. மரியாதையா பேசுங்க.” பெட்டிக்குள்ளிருந்து வரும் குரல் கொஞ்சம் அசரீரி போலவே இருக்கும்.

தபால் இலாகா குமாஸ்தா, ஆலைத் தொழிலாளி, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்று பலர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, செத்து, எழுந்து, ரிப்பேரான ரேடியோவை மறந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஒரு கடையை நடத்த இதைவிடச் சிறந்த உபாயம் கெடா மாநிலத்தில் கண்டுபிடிக்கப்படவில்லை.

ஒரே ஒரு சங்கடம். ஏசுதாசன் ஏற்றியது ஆறு விளக்குகளைத்தான். ஏழாவது எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. நுரையோடு அறிவித்துவிட்ட பிறகு அதை யாரிடமும் கேட்கவும் முடியாது. யாராவது “ஏழாவது எங்க இருக்கு?” என்று கேட்டால், “சொல்லிட்டா அப்பறம் ஆட்டத்துல என்னலா இருக்கு?” என்று பெருந்தன்மையாகச் சிரிப்பார். இரண்டரை வருடமாக இந்தச் சிரிப்பு பழுதில்லாமல் வேலை செய்தது.

1986-இல் எட்டாங்கட்டைத் தோட்டத்திலிருந்து குணவதி வந்தார்.

வயது நாற்பத்தொன்பது. ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலையில் முப்பத்தொரு வருடம். அவருடைய கலர் டிவி படம் காட்டாமல் போய், மருமகனின் வேனில் ஏறி ஏசுதாசனின் கடைக்கு வந்திருந்தது. தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், முதலில் வந்த கலர் டிவி அது. வாரா வாரம் தமிழ்ப்படம் போடும் நாளில் குணவதி வீட்டுத் தரையில் நாற்பது பேர் உட்காருவார்கள். முன் வரிசையில் யார், வாசலோரம் யார் என்பதை அவர்தான் தீர்மானிப்பார். டிவி போனதும் அந்த நாற்பது பேரும் பக்கிரிசாமி வீட்டுக் கறுப்பு வெள்ளைக்குப் போய்விட்டார்கள். எனவே குணவதி தினமும் வேலை முடிந்து, குளித்து, மூன்று மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்கினார். ஐந்தேகால் பஸ்ஸில்தான் திரும்புவார். அதுவரை நகர மாட்டார்.

வாசகர்களிடம் ஓர் உண்மையை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. குணவதியின் டிவி முதல் வாரத்திலேயே சரியாகிவிட்டது. அதே வாரத்தில் கம்ப்யூட்டரின் திரை புகைந்து செத்துப்போனது. ராஜ்யமே இருண்டு கிடப்பதைக் காணச் சகிக்காத ஏசுதாசன், குணவதியின் டிவியை மரப்பெட்டியிலிருந்து கழற்றி எடுத்து, வெற்றுடம்போடு கம்ப்யூட்டரில் இணைத்துவிட்டார். இரண்டு நாளைக்கு என்று நினைத்துத்தான் செய்தார். காலி மரப்பெட்டி ஒரு கோணிச் சாக்குக்கு அடியில் ஒதுங்கியது. அந்த டிவி திரும்பிப் போனால் கடையில் ராஜ்யம் இல்லை. ராஜ்யம் இல்லையென்றால் வழிகாட்டியும் இல்லை. ஆகவே குணவதிக்கும் “நாளைக்கு” என்று சொல்லி, அதே நாற்காலியில், அவருடைய சொந்த டிவிக்கு எதிரிலேயே உட்கார வைத்தார். துணிச்சல் என்றால் அது.

திரையின் கீழ் மூலையில் ஊதா நிறத்தில் ஒரு கறை இருந்தது. முன்பு இல்லாத கறை எங்கிருந்து வந்தது என்று பழைய ஆட்டக்காரர்கள் கேட்டார்கள். “தென்மேற்குல வெஷப்பொகை. நீங்க பண்ற பாவம் ஏற ஏற அது வரும். அந்தப் பக்கம் போயிடாதீங்க” என்றார் ஏசுதாசன். குணவதியும் அதைக் கேட்டுத் தலையாட்டினார்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நாலு திசைக்கும் நாலு பொத்தான்களில் நாலு நிறப் பிளாஸ்திரி ஒட்டித் தந்தார் ஏசுதாசன். தேடுவதற்கு ஐந்தாவதாக ஒன்று. எழுத்து வந்தால் மட்டும் திரும்பிப் பார்த்துத் தமிழில் சொல்லிவிட்டு மறுபடி பெட்டிக்குள் தலையை விட்டுக்கொள்வார். சாதாரணமாக ஒரு புதிய ஆள் மூன்றாவது மரணத்தில் வாயடைத்துப் போவார். குணவதிக்கு முதல் மரணத்துக்கு முன்பே கேள்வி வந்துவிட்டது.

“தம்பி, என்னயக் கொண்டாந்து கேட்டுக்கு வெளிய நிப்பாட்டி வச்சிருக்கான். பெரட்டு எத்தன மணிக்கு?”

பெரட்டு என்பது தோட்டத்தில் விடியுமுன் மண்டோர், அதாவது கங்காணி, ஆள் கூட்டிப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது. “அதெல்லாம் இங்க கெடையாதுக்கா” என்றார் ஏசுதாசன்.

“மண்டோரு யாரு?”

“மண்டோரும் கெடையாது. நீங்க எங்க வேணா போலாம், என்ன வேணா செய்யலாம்.”

குணவதி திரையைச் சந்தேகத்தோடு பார்த்தார். எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று அவரிடம் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. “வேல சொல்லாம எவன் ஆள நிப்பாட்டுவான்? இதுல என்னமோ இருக்கு” என்று முனகியபடி ஒரு பொத்தானை அழுத்தினார். பத்தாவது அடியில் ‘டொய்ங்’ கேட்டது.

“என்ன கடிச்சுது?” என்றது பெட்டிக்குள்ளிருந்து குரல்.

“நாயி.”

“அது ஓநாய். ராத்திரியில ரோட்டுல போனா கடிக்கத்தான் செய்யும்.”

“ராத்திரின்னு எனக்கு யாரு சொன்னா?”

“தெர கருப்பா இருக்கேக்கா.”

“நீ வச்சிருக்கிற டிவியே அப்படித்தான்னு நெனச்சேன்.”

ஏசுதாசன் அவசரமாக இருமினார்.

மறுநாள் இன்னொரு புகார். “ஒரு வீட்டுக்குள்ள போனேன். மேசையில ரொட்டி இருந்துச்சி, சாப்புட்டேன். போலீஸ்காரன் ஓடியாந்து வெட்டிட்டான்.”

“அடுத்தவன் வீட்டு ரொட்டிய எதுக்குக்கா எடுத்தீங்க?”

“கதவத் தொறந்து வச்சிருந்தான்ல? எங்க லயத்துல கதவு தொறந்திருந்தா வந்து சாப்புடுன்னு அர்த்தம். இவனுங்க ஒண்ணு கதவச் சாத்தணும், இல்ல ரொட்டிய மறைக்கணும்.”

“ஆட்டத்த அப்படித்தான் செஞ்சிருக்கான்.”

“செஞ்சவன் நல்ல ஊர்ல பொறக்கல.”

இரண்டாவது வாரக் கடைசிக்குள் பசி, குளிர், பூதம், படகு கவிழ்ந்தது, தெரியாமல் ராஜாவின் குதிரையை அடித்தது எனப் பதினெட்டு முறை செத்திருந்தார் குணவதி. ஒவ்வொரு முறையும் ஏசுதாசன் அசரீரியாக அருள்பாலித்தார். ஒவ்வொரு முறையும் குணவதி அந்த அருளில் ஓர் ஓட்டையைக் காட்டினார். அடுத்த கடையிலிருந்து பிச்சை சவரக்கத்தியோடு வந்து வாசலில் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். வழிகாட்டியின் செல்வாக்குக்கு இது நல்லதல்ல.

ஆறாவது வாரம் குணவதி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டார். “இந்த ஆட்டமும் முடியல, என் டிவியும் வரல. ரெண்டுல எது மொத முடியும், சொல்லு.”

பிச்சையின் முன்னால் கேட்கப்பட்ட கேள்வி. ஏசுதாசன் பெட்டிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார். அவருக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. “அக்கா, நீங்க ஏழு வெளக்கையும் ஏத்துங்க. ஏத்துற அன்னிக்கே டிவி ஒங்க வீட்ல. அந்தோணியார் சாட்சி.”

தம்மாலேயே முடியாதது ஒரு பால்வெட்டுக்காரியால் முடியப் போவதில்லை என்ற கணக்கில் டிவி இனி ஆயுளுக்கும் இங்கேதான். அந்தோணியார் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு விளக்குகள் இருக்கும் இடத்தை ஏசுதாசன் தாமே தாராளமாகச் சொல்லிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் ஆறும் எரிந்தன. பிறகு குணவதியின் தீக்குச்சி மனிதன் கிழக்கு ஓரத்து ஊரில் ஒரு கிழவனைச் சந்தித்தான். கிழவன் ஏதோ சொன்னான்.

“கிழக்குக் காட்டுல பொறுமை உள்ளவனுக்கு ஒளி உண்டுன்னு சொல்றான்” என்று ஏசுதாசன் மொழிபெயர்த்தார். “அவன் எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்லுவான். லூசுக் கெழவன். நான் போய்ப் பாத்துட்டேன், அங்க ஒண்ணும் இல்ல.”

“எத்தன மரம் பாத்த?”

“காடுன்னா காடுதானேக்கா. இந்தப் பக்கம் நொழஞ்சு அந்தப் பக்கம் வந்தேன். வழியெல்லாம் காண்டாமிருகம் மாதிரி என்னென்னமோ வந்து முட்டுது.”

“அப்ப நீ நடந்த ஒரு கோட்டத்தான் பாத்திருக்க. காட்டப் பாக்கல.”

ஏசுதாசனின் அப்பா ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தவர். மகன் ரப்பர் மரத்தைப் பார்த்ததெல்லாம் பஸ் சன்னல் வழியாகத்தான். அதனால் அடுத்து நடந்தது எதுவும் அவருக்குப் புரியவில்லை.

குணவதி தம்முடைய ஆளைக் காட்டின் வடமேற்கு மூலையில் கொண்டுபோய் நிறுத்தினார். முதல் மரம். தேடும் பொத்தான். ‘டப்’. ஓர் அடி. இரண்டாவது மரம். ‘டப்’. மூன்றாவது மரம். ‘டப்’. முப்பத்திரண்டு மரம் முடிந்ததும் ஒரு வரிசை கீழே இறங்கி, வந்த பக்கமாகவே மரத்துக்கு மரம் திரும்பினார்.

“என்னக்கா பண்றீங்க?”

“நெர புடிக்கிறேன்.”

பால்மரங்கள் வரிசையாக நிற்பதை நிரை என்பார்கள். ஆளுக்கு இத்தனை நிரை என்று பிரித்துக் கொடுத்தால் ஒரு மரம் விடாமல் வெட்டிக்கொண்டு போக வேண்டும். திரையில் இருந்த பச்சைச் சின்னங்களைக் குணவதி அப்படித்தான் பார்த்தார். மொத்தம் நாற்பது நிரை, ஆயிரத்து இருநூற்று எண்பது மரம். பிச்சையால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“குணவதிக்கா, பால் எடுக்க வாளி வேணாமா?”

“ஒந்தலையக் கவுத்து வச்சிருக்கேன், அது போதும்.”

“காய்ஞ்ச மரத்தையெல்லாமா தொடுவாங்க?”

“காய்ஞ்ச மரமா இருந்தாலும் தொட்டுட்டுத்தான் போவணும். விட்டுட்டுப் போனா மண்டோரு பின்னால வந்து பாப்பான்.”

“இங்கதான் மண்டோரு இல்லேன்னு ஏசு சொன்னானே.”

“அதனாலதான் நானே மண்டோரு.”

ஒரு காலைக்கு இரண்டு நிரை என்று வைத்துக்கொண்டார். திரையின் உச்சியில் ஒரு சின்னச் சூரியன் நகரும். அது கிழக்கில் எட்டிப் பார்த்ததும் காட்டுக்குள் போவார். உச்சிக்கு வருமுன் எந்த மரத்தில் இருந்தாலும் நிறுத்திவிட்டு, நேரே வெளியேறி, கிழவன் ஊர் விடுதியில் போய்ப் படுத்துக்கொள்வார். விடுதியில் படுத்தால் அதுவரை ஆடியது தட்டில் பதிவாகிவிடும். திரையில் மழைக்கோடு விழுந்தால் அன்றைக்கு வெளியே வரவே மாட்டார்.

“மழையில நடந்தா என்ன, கரைஞ்சா போயிடுவீங்க?” என்று ஏசுதாசன் ஒரு தடவை பொறுமை இழந்தார்.

“மழைன்னா வெட்டு இல்ல தம்பி. இது கூடத் தெரியாம நீ எப்படி ஏழையும் ஏத்துன?”

ஏசுதாசன் பெட்டிக்குள் போய்விட்டார். ஆனால் ஒரு விஷயம் அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அல்லது விழாமல் இருந்தது. ஒரு வாரமாக மூலையிலிருந்து ‘டப், டப், டப்’ மட்டும்தான் வருகிறது. ‘டொய்ங்’ கேட்கவே இல்லை. அந்தக் காட்டில் அவரை ஒன்பது முறை முட்டிக் கொன்ற மிருகம், இந்த அம்மாளை மட்டும் ஏன் ஒன்றும் செய்யவில்லை?

பதினோராவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, மணி நாலரை. இருபத்துமூன்றாவது நிரை நடந்துகொண்டிருந்தது. ஏசுதாசன் ஒரு ரேடியோவின் உள்ளே ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். டப். டப். டப். பிறகு ஓர் ஓசை வந்தது. கீழிருந்து மேலே படியேறுவது போல மூன்று சுரம்.

இரண்டரை வருடத்தில் அந்த ராஜ்யம் எழுப்பிய எல்லா ஓசையும் ஏசுதாசனுக்கு மனப்பாடம். இது அதில் இல்லை. ஈயக்கம்பி ரேடியோவை விட்டுக் கட்டைவிரலில் போய் உட்கார்ந்தது. அவர் அதைக் கவனிக்காமல் எழுந்து வந்து திரைக்கு முன்னால் நின்றார்.

“என்னமோ எழுதுது. படி” என்றார் குணவதி.

“வேருக்கு அடியில... படிக்கட்டு... கீழே போகுதுன்னு...” வழிகாட்டி எழுத்துக் கூட்டி வாசித்தார்.

பிச்சை ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கன்னம் மட்டும் சிரைத்த தபால் குமாஸ்தா ஓடிவந்தார். குணவதி அண்ணாந்து சூரியனைப் பார்த்தார். அது உச்சிக்கு வர ஓர் அங்குலம் இருந்தது. அவர் அமைதியாக ஆளைத் திருப்பிக் காட்டுக்கு வெளியே நடத்த ஆரம்பித்தார்.

“அக்கா, என்ன பண்றீங்க? எறங்குங்க.”

“மணி ஆச்சி. இனி வேல இல்ல.”

“ஒரே நிமிஷம்க்கா. கீழ எட்டி மட்டும் பாத்துட்டு வந்துடுங்க.”

“மரம் எங்க ஓடிடப் போவுது? இருவத்திமூணாவது நெர, ஏழாவது மரம். நாளைக்கு.”

நாளைக்கு என்ற சொல் அடுத்தவர் வாயிலிருந்து வரும்போது எவ்வளவு கொடூரமானது என்பதை ஏசுதாசன் முதல்முதலாக அறிந்துகொண்டார். குணவதி விடுதியில் ஆளைப் படுக்க வைத்துவிட்டு ஐந்தேகால் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்.

அதன் பிறகு ஏசுதாசன் செய்தது வரலாற்றில் பதியத் தக்கதல்ல. இருந்தாலும் பதிந்துவிடுவோம். கடைக்கதவைப் பாதி இழுத்து விட்டுத் தாமே நாற்காலியில் உட்கார்ந்தார். விடியல்வரை தூங்கப் பொறுமை இல்லாமல் திரையில் வெயில் சாயும் நேரத்திலேயே காட்டுக்குள் புகுந்தார். டொய்ங். விடுதியிலிருந்து மறுபடி கிளம்பினார். மழை பிடித்துக்கொண்டது. டொய்ங். மூன்றாம் முறை காலையில் கிளம்பி, நிரை எண்ணிச் சுற்றிச் சுற்றி மரத்தை எட்டிவிட்டார். படிக்கட்டில் கால் வைக்கும்போது சூரியன் உச்சியைத் தாண்டியது. டொய்ங். அந்தக் காட்டு மிருகங்கள் மத்தியானத்துக்குப் பிறகும் மழையிலும் மட்டுமே வெளியே வருகின்றன என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பால்வெட்டுக்காரர்கள் வீட்டில் இருக்கும் நேரம் அது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு கடையைப் பூட்டினார்.

புதன்கிழமை மூன்று மணிக்குக் குணவதி வந்தபோது கடையில் நிற்க இடம் இல்லை. பிச்சை தம் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். குமாஸ்தாவின் மற்றக் கன்னம் இன்னும் சிரைக்கப்படவில்லை. குணவதி யாரையும் பார்க்காமல் உட்கார்ந்து, விடுதியிலிருந்து ஆளை எழுப்பி, விடியலோடு கிளப்பினார். இருபத்துமூன்றாவது நிரை. ஏழாவது மரம். படிக்கட்டு இறங்கியது. கீழே ஒரு குகை, குகை நடுவில் ஒரு கல்மேடை, மேடையில் ஓர் அணைந்த விளக்கு. ஐந்தாவது பொத்தான்.

திரை முழுவதும் மஞ்சளாகியது. கம்ப்யூட்டர் ஒரு நிமிடம் நிறுத்தாமல் பாடியது. ஊதாக் கறைகூடத் தங்கமாக மின்னியது. கடை அதிரக் கைதட்டினார்கள். எதிர்க் கோப்பிக் கடைக்காரர் தீப்பிடித்துவிட்டதோ என்று வாளித் தண்ணீரோடு வந்து, விவரம் தெரிந்து, தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு அவரும் தட்டினார். குணவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வெட்டு முடிஞ்சிது” என்றார்.

பாட்டு ஓய்ந்ததும் திரையில் எழுத்து வந்தது. எல்லாரும் ஏசுதாசனைப் பார்த்தார்கள். அவர் மெதுவாக வாசித்தார். “ஏழும் எரிகின்றன. கடலுக்கு அப்பால் வாசல் திறந்தது. இனிமேல்தான் உன் பயணம் தொடங்குகிறது.”

வரைபடத்தில் இல்லாத ஒரு கரை திரையில் மேலெழுந்தது.

“ஏசு,” என்றார் பிச்சை, “நீ முடிச்சப்பவும் இந்த வாசலு வந்திச்சா?”

ஏசுதாசன் ஈயக்கம்பியை ஊதினார். அது சூடாகவே இல்லை.

“அவருக்கு வேற பக்கம் தொறந்திருக்கும்” என்றார் குணவதி. “வெட்டுற கையப் பொறுத்துத்தானே பால் வரும். நீ போயி அந்த ஐயாவுக்கு மீதிக் கன்னத்த செரச்சி விடு.”

கூட்டம் கலைந்ததும் அவர் ஏசுதாசனிடம் திரும்பினார். “டிவிய எடு தம்பி.”

“அக்கா... அது வந்து... பினாங்குலேருந்து ஒரு சாமான்...”

“அந்தச் சாக்குக்கு அடியில பொட்டி இருக்கு பாரு, அதுல தூக்கிப் போட்டுக் குடு. மருமவன் வேன் வந்து நிக்கிது.”

ஏசுதாசன் சாக்கைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கடைசியில் அந்தோணியாரைப் பார்த்தார். ஒரு பக்கத்திலிருந்தும் உதவி வரவில்லை. “எப்பலேருந்துக்கா தெரியும்?”

“மொத நாளே. திருவிழாவுக்கு ஸ்பீக்கர டிவி மேல தூக்கி வச்சானுங்க, மூலையில ஊதாக் கற புடிச்சிக்கிச்சி. என் டிவிய எனக்குத் தெரியாதா? நீ வெஷப்பொகைன்னு சொன்னப்ப சிரிப்ப அடக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா?”

“அப்ப ஏன் கேக்கல?”

“கேட்டிருந்தா குடுத்திருப்ப. அப்பறம் ஏழாவது வெளக்க யாரு ஏத்துறது?”

ஏசுதாசன் தாமே டிவியைப் பெட்டியில் பூட்டி, துடைத்து, வேன்வரை தூக்கிக்கொண்டு போய் ஏற்றினார். கடை மூலை இருண்டது. அடுத்த மூன்று நாட்களில் அந்தோணியார் ரேடியோ டிவியில் பதினோரு ரேடியோக்களும் நாலு மின்விசிறிகளும் ரிப்பேராகி வீடு போய்ச் சேர்ந்தன. கடைத்தெரு இதை அந்தோணியார் செய்த அற்புதம் என்று பேசிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஏசுதாசன் வெள்ளைச் சட்டையோடு கடையைத் திறந்தார். கம்ப்யூட்டரைப் பால்டின் அட்டைப்பெட்டியில் வைத்து, மோட்டார்சைக்கிளின் பின்னால் டியூப் ரப்பரால் கட்டி, பதினைந்து மைல் வேகத்தில் எட்டாங்கட்டைக்கு ஓட்டிக்கொண்டு போனார். லயத்தில் எந்த வீடு என்று அவர் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. செருப்புகள் வாசலில் குவிந்து கிடந்த வீடுதான். பக்கிரிசாமியின் செருப்பும் அதில் இருந்தது.

உள்ளே நாற்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். டிவி பலகை மேல் இருந்தது. குணவதி பக்கத்தில் ஒரு குட்டைப் பலகையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். “வா தம்பி” என்றார், ஏன் வந்தாய் என்று கேட்காமல். ஏசுதாசன் ஒயர்களை மாட்டித் தட்டைச் செருகினார். புதிய வாசல் திரையில் வந்தது. அதற்குள் தீக்குச்சி மனிதன் நின்றான். அவன் முன்னால் இரண்டு பாதைகள் பிரிந்தன.

பாடாங் செராய் ஆள், கம்ப்யூட்டர் வைத்திருப்பவர், எல்லாம் தெரிந்தவர் என்று கூட்டம் அவருக்காக டிவிக்கு எதிரே ஒரு நாற்காலியைக் காலி செய்தது. ஏசுதாசன் பொத்தான் பலகையை எடுத்துக்கொண்டு போய்க் குணவதியின் காலருகே தரையில் சம்மணம் போட்டார். பலகையை மடியில் வைத்து, நிறப் பிளாஸ்திரிகள் மேல் விரல்களை வைத்தார். பிறகு திரையைப் பார்க்காமல், முகத்தை நிமிர்த்திக் குணவதியைப் பார்த்தபடி காத்திருந்தார்.

குணவதி வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு மோவாயை இடப்பக்கம் அசைத்தார். ஏசுதாசன் அழுத்தினார்.